ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, அப்புறம் ஏன் இப்படி? – கேள்வி-பதில்

இதய ஆபரேஷன் வார்டில் செவிலியராக இருக்கிறேன். கோயமுத்தூர், ஈரோடு பக்கமிருந்து நிறையப் பேர் ஒரே மாதிரியான பயத்தோடு கேட்டிருந்தீர்கள்.

அப்பாவுக்கு 72 வயசுங்க. பைபாஸ் முடிஞ்ச மூணாவது நாள் ராத்திரி, "மடை திருப்போணும், விடுங்கடா"ன்னு டியூபைப் பிடுங்கப் பார்த்தாரு. என்னையே அடையாளம் தெரியலை. மூளை பாதிச்சிருச்சுங்களா? (கோபிச்செட்டிப்பாளையம்)

பயப்படாதீர்கள், இது பெரும்பாலும் டெலிரியம் என்கிற தற்காலிகக் குழப்பம்தான். மயக்க மருந்து, வலி மருந்து, தூக்கமில்லாத இரவுகள், பகலா ராத்திரியா என்றே தெரியாத ஐசியூ விளக்கு எல்லாம் சேர்ந்து வயதானவர்களை இப்படி ஆக்கிவிடும். முக்கால்வாசிப் பேருக்குச் சில நாளில் தெளியும், சிலருக்குச் சில வாரம் பிடிக்கும். அவரோடு வாதாட வேண்டாம், "ஆஸ்பத்திரியில இருக்கீங்கப்பா, தண்ணிய நான் பார்த்துக்கறேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள். சாயங்காலமானால் போர்வைக்குள் எதையோ துழாவிக்கொண்டே இருந்த ஒரு பெரியவருக்கு, மகள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த கண்ணாடியை மாட்டிவிட்டதும், அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "எப்ப சாமி வந்தே?" என்றார். அன்று நானும் அழுதுவிட்டேன்.

இன்னொன்று, அவருக்குத் தினமும் குடிக்கிற பழக்கம் இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், திடீரென்று நிறுத்தினாலும் இதே மாதிரி பிதற்றல் வரும், அதற்கு வைத்தியம் வேறு. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மாமாவுக்கு நாலாவது நாள் நெஞ்சு படபடன்னு அடிச்சு, மறுபடி மானிட்டர்ல போட்டுட்டாங்க. ஆபரேஷன் தோத்துருச்சுங்களா? (பொள்ளாச்சி)

இல்லை. பைபாஸ் ஆனவர்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்தத் தாளம் தப்பின துடிப்பு வரும், அதுவும் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள். மருந்தில் அடங்கிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தால் மட்டும் ஒரு வேளைகூட விடக் கூடாது.

அம்மிச்சி இருமினா நெஞ்செலும்புல 'டக்'குனு சத்தம் கேக்குது. காலும் வீங்கியிருக்கு. (காங்கேயம்)

சத்தம் கேட்டால் இன்றைக்கே காட்டுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், சர்க்கரை இருந்தால் இன்னும் அவசரம். எலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும், அதுவரை குடம் தூக்குவது, மாட்டைப் பிடித்துக் கட்டுவது எதுவும் கூடாது, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தையலில் சீழ், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றாலும் உடனே போக வேண்டும். பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் மட்டும் கொஞ்சம் வீங்குவது சகஜம், உட்காரும்போது தூக்கி வைத்தால் வடியும். கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் காட்டுங்கள். இரண்டு காலும் வீங்கி, தினமும் காலையில் பார்க்கிற எடை இரண்டே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் கட்டுகிறது என்று அர்த்தம். படுத்தால் மூச்சு வாங்கினால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

அம்மாவுக்கு செயற்கை வால்வு. கீரையே ஆகாதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. (திருப்பூர்)

வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுகிற மாத்திரையின் வேகத்தைக் கீரை குறைக்கும் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் விட வேண்டியதில்லை. வாரம் எவ்வளவு சாப்பிட்டார்களோ அதே அளவில் சாப்பிடட்டும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் தினமும் முருங்கைக்கீரை என்றால்தான் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டுகிற அளவு) தாறுமாறாகும். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரைதான் அதைவிட ஆபத்து.

ஆபரேஷன் பண்ணிட்டு ஊட்டுக்கு வந்ததிலிருந்து எங்க ஊட்டுப் பெரியவர் எதுக்கெடுத்தாலும் அழறார். (பெருந்துறை)

அழட்டும், தடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடு, தூக்கம் பிடிக்காமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு. பார்க்க வருகிற சனத்தை மத்தியானம் அனுப்பிவிட்டு, அந்த ஒரு மணி நேரம் நீங்களும் படுத்துத் தூங்குங்கள்.