கண்மாய்க்குள் இறங்கியவர்கள்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் பதினைந்து பேர், பெரும்பாலும் கல்லூரியில் படிப்பவர்கள். ஞாயிறுதோறும் எங்கள் ஊர்க் கண்மாயில் சீமைக்கருவேலம் வெட்டுகிறோம். அடுத்ததாக நன்கொடை திரட்டி, ஜேசிபி வைத்துத் தூர்வார இருக்கிறோம். சிக்கல் பெரியவர்களால்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் ஆளை எண்ணுகிறார், அரிவாளை எண்ணுகிறார். அரை மணி நேரம் அதிலேயே போகிறது. இன்னொருவர் பழைய நீர்க்கட்டி, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விட்டவர். இங்கே தோண்டாதே, அங்கே தோண்டாதே என்பார். ஏன் என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்பார். இருவர் மேலும் மரியாதை இருக்கிறது. ஆனால் வேலை ஓட வேண்டாமா? பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்திக் கௌரவித்துவிட்டு, வேலையை நாங்களே பார்த்துக்கொண்டால் என்ன?

— ஒரு வாசகி, மதுரை மாவட்டம்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

வேண்டாம். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

இருபது வருஷத்துக்கு முன்னால், உங்களைப் போலவே ஒரு குழுவாக ஒரு ஊர்க் கண்மாயில் இறங்கினோம். அங்கேயும் ஒரு நீர்க்கட்டி இருந்தார். ஊருக்கு ஊர் பேர் மாறும், நீர்ப்பாய்ச்சி என்பார்கள், மடையர் என்பார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஜேசிபி அள்ளிப்போட்ட மண்ணில் ஒரு பிடி எடுத்தார். எச்சில் தொட்டுப் பிசைந்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திரி மாதிரி உருட்டினார். திரி அறுந்து விழுந்தது. "களி முடிஞ்சு மணல் வந்திருச்சு, நிறுத்துங்க தம்பி" என்றார். நாங்கள் நிறுத்தவில்லை. ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்பதுதான் எங்கள் கணக்கு.

அந்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. தோண்டிய இடமெல்லாம் தண்ணீர் நின்றது, போட்டோ எடுத்துக்கொண்டோம். ஆனால் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்தைவிடக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் தானாக ஏறி வயலுக்குப் போகுமா? அது மாட்டுக்கு ஆகும், மீனுக்கு ஆகும், நெல்லுக்கு ஆகாது. சரி, அதாவது நிற்கும் என்று பார்த்தால், தண்ணீரைத் தாங்கிப் பிடித்த களிமண் படுகையைத்தான் நாங்கள் சுரண்டி எடுத்திருந்தோம். தை பிறந்தபோது பள்ளம் காய்ந்து கிடந்தது. அந்தப் பெரியவர் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பின்னால் ஒரு பொறியாளர் சொன்னார், களிமண்ணைச் சோதிக்கக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் திரி உருட்டித்தான் பார்ப்பார்களாம்.

உங்கள் நீர்க்கட்டி "அது அப்படித்தான்" என்பது வீம்பினால் இல்லை என்று நினைக்கிறேன். அவர் வேலையைக் காலாலும் கையாலும் கற்றவர். வாயால் விளக்கச் சொல்லி யாரும் அவரை இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் "ஏன்" என்று கேட்காதீர்கள். "இங்கே கரை எப்போதாவது உடைந்ததா தாத்தா? எந்த வருஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் நெடுகக் கூட்டிக்கொண்டு நடங்கள். கரையில் நண்டு வளையும் எலி வளையும் எங்கே விழும், கண்மாய் நிறைந்தால் வழிகிற கலுங்கு தாண்டிப் போகிற தண்ணீர் கீழே எந்த ஊர்க் கண்மாய்க்குச் சேரும், எல்லாம் அந்த நடையில் வந்துவிடும். கண்மாய்கள் சங்கிலிபோலத் தொடுத்தவை. நீங்கள் அளவு தெரியாமல் ஆழப்படுத்தினால் அடுத்த ஊருக்குப் போகிற தண்ணீர் குறையும். இது ஜேசிபி ஓட்டுபவருக்குத் தெரியாது, நீர்க்கட்டிக்குத் தெரியும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீர்க்கட்டி வேலை பல ஊர்களில் தலித் குடும்பங்களுடையது. ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டுக் கொடுத்தவர், அதே ஊரின் பொதுக்கிணற்றில் ஒரு வாளி இறைக்க முடியாத காலம் இருந்தது. அறுப்புக் களத்தில் அளந்து போடும் நெல்தான் கூலி. பம்புசெட்டும் ஆழ்துளைக் கிணறும் வந்தபிறகு அந்த நெல்லும் பல இடங்களில் நின்றுபோனது. "பெரியவர்களை மதிப்போம்" என்று நாம் சொல்லும்போது மனதில் வருகிற பெரியவர்களில் இவர் இருக்கிறாரா? கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து யோசனை சொல்கிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 921. ஊர்ச்சபையின் வாரியத்துக்கு, அதாவது குழுவுக்கு, வருகிறவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான சம்வத்சர வாரியத்துக்கு (ஆண்டுக் குழுவுக்கு), முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியில் மூத்தவர்கள், வயதில் மூத்தவர்கள் என்று பார்த்து எடுத்தார்கள். வேலை பார்த்தவரை முதலில் சொல்கிறது அந்தக் கல்வெட்டு, வயதைக் கடைசியில். எனக்கு அந்த வரிசை பிடிக்கும். நிலமும் வேதப் படிப்பும் கேட்ட அந்தச் சபையில் நீர்க்கட்டிக்கு இடம் இருந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த இடத்தை உங்கள் பதினைந்து பேரால் கொடுக்க முடியும்.

அதனால் என் யோசனை இது: அவருக்குக் கூலி கொடுங்கள். நீங்கள் தன்னார்வலர்கள், சரி. அவரும் இலவசமாக வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிற நன்கொடையில் அவருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பதுதான் முறை. எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று முளைக்குச்சி அடிக்கும் பொறுப்பும் அவருடையதாக இருக்கட்டும்.

அப்புறம் பட்டாளத்துத் தாத்தா. அவர் எண்ணட்டும், விடுங்கள். புல்லுக்குள் மறந்துபோன ஒரு அரிவாள் யார் காலையாவது பதம் பார்க்கும். தூர்வாரிய பள்ளத்தில் தண்ணீர் நின்றபிறகு, ஆழம் தெரியாமல் இறங்கிப் பிள்ளைகள் செத்த செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருப்போம்! கூட்டிப்போன அத்தனை பேரையும் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று படித்தவர் அவர். அரை மணி நேரம் பெரிய செலவு இல்லை. உங்களில் ஒருவர் பேரேடு பிடித்து அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டால் பத்து நிமிஷத்தில் முடியும்.

தூர்வார அனுமதி வாங்கிவிட்டீர்களா? ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அது கைக்கு வரும்வரை ஜேசிபிக்குச் சொல்லாதீர்கள். அந்த இடைவெளியில் ஒரு ஞாயிறு, அரிவாள் எதுவும் எடுக்காமல், அவர்கள் இருவரோடும் வரத்துக்கால் தொடங்குகிற இடத்திலிருந்து கலுங்குவரை நடங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த மறுநாள் எனக்கு எழுதுங்கள், தண்ணீர் நீர்க்கட்டி சொன்ன இடத்தில் முட்டியதா என்று.

அன்புடன்,
அண்ணன்