கிரயப் பத்திரத்தைக் கடைசி நாளுக்காக ஒளித்து வைக்காதீர்கள்

'அதாலத்' இந்தித் தொலைக்காட்சித் தொடரில் வழக்கறிஞர் கே.டி. பாடக் கடைசி நிமிடத்தில் ஆதாரத்தை நீட்டுவதைப் போல, புனேயில் நீங்கள் போட்டிருக்கும் சொத்து வழக்கிலும் கிரயப் பத்திரத்தை இறுதி வாதத்தின்போது காட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ரோனித் ராய் நடித்த அந்த வழக்கறிஞரை எனக்கும் மிகவும் பிடிக்கும். பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்காக அவர் நிற்கும் உறுதி மனத்தைத் தொடும். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 7ஆம் கட்டளை, 14ஆம் விதிப்படி, வாதி தன்னிடமுள்ள ஆதார ஆவணத்தை வழக்குரையோடேயே (வழக்கைத் தொடங்கும் மனுவோடேயே) தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நீதிமன்ற அனுமதியின்றிப் பிறகு ஏற்க மாட்டார்கள். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது காட்டும் ஆவணத்துக்கு விலக்கு உண்டுதான். உங்கள் உரிமைக்கே ஆதாரமான பத்திரத்தை அதை நம்பி வைத்திருக்காதீர்கள். இந்த வாரமே வழக்கறிஞரிடம் கொடுத்து, தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி அனுமதி மனு போடச் சொல்லுங்கள்.