செயற்கை முழங்கால்: கணினி வழிகாட்டுதல் எவ்வளவு அவசியம்?

கேள்வி: என் தாயாருக்கு வயது 71. இரு முழங்கால்களும் தேய்ந்து, கால்கள் வில்போல் வளைந்துவிட்டன. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு மருத்துவமனையில் கணினி நேவிகேஷன் முறையில் செய்தால்தான் மூட்டு கோணலின்றி அமைந்து நீண்ட காலம் உழைக்கும் என்று கூறி, கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். மற்றொன்றில் வழக்கமான முறையே போதும் என்கிறார்கள். எதை ஏற்பது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு ஒரு கோடு வரைந்தால், அது முழங்காலின் நடுவே செல்ல வேண்டும் என்பதே மூட்டு மாற்றுச் சிகிச்சையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் இலக்கு. தாயாரைப் போல் கால் வில்லாக வளைந்தவர்களுக்கு இந்தக் கோடு முழங்காலின் உட்புறமாக விலகிச் செல்வதால், உடல் எடை முழுவதும் அந்தப் பக்கமே இறங்குகிறது. புதிய மூட்டையும் அப்படியே சாய்வாகப் பொருத்திவிட்டால், இடையிலுள்ள பிளாஸ்டிக் தகடு ஒருபுறமாகத் தேய்ந்து, மூட்டு விரைவில் தளர்ந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. 1991-ல் பிரிட்டனில் 115 மூட்டுகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், நேர்கோட்டிலிருந்து 3 டிகிரிக்குள் அமைந்தவற்றில் 3 சதவீதமும், அதற்கு மேல் விலகியவற்றில் 24 சதவீதமும் தளர்ந்திருந்தன. 3 டிகிரி என்ற எல்லை மருத்துவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்ததற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

வழக்கமான முறையில், தொடை எலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள் நீண்ட கம்பி ஒன்றைச் செலுத்தி, அதிலிருந்து 5 முதல் 7 டிகிரி சாய்வில் எலும்பின் நுனியை வெட்டுவார்கள். கீழ்க்கால் எலும்புக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து பிடிக்கும் அளவுகோல் ஒன்று பயன்படும். நேவிகேஷன் முறையில் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் சிறு ஊசிகளை ஊன்றி, அவற்றில் அடையாளக் கருவிகளைப் பொருத்துகிறார்கள். அகச்சிவப்புக் கேமரா அவற்றைப் பின்தொடர, மருத்துவர் காலை இடுப்பிலிருந்து வட்டமாகச் சுழற்றும்போது தொடை எலும்புத் தலையின் மையத்தைக் கணினி கணக்கிட்டுவிடும். கணுக்காலின் இரு புடைப்புகளையும் சுட்டுகோலால் தொட்டுக் காட்டினால், காலின் முழு அச்சும் திரையில் வந்துவிடும். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் கோணத்தைச் சரிபார்க்கலாம். பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1997-ல் தொடங்கிய இம்முறையில் அறுவையைச் செய்வது முழுக்க மருத்துவரின் கையே. கணினி அளந்து மட்டுமே சொல்கிறது.

அளவு துல்லியமாகிறதா என்றால், ஐயமின்றி ஆகிறது. 2007-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 3 டிகிரிக்கு மேல் விலகியவை நேவிகேஷனில் 9 சதவீதமாகவும் வழக்கமான முறையில் 31.8 சதவீதமாகவும் இருந்தன. ஆனால் எக்ஸ்ரேயில் காணும் நேர்த்தி, நோயாளியின் நடையிலும் மூட்டின் ஆயுளிலும் அதே அளவுக்குத் தெரிவதில்லை. தென்கொரியாவில் 520 பேருக்கு ஒரு முழங்காலில் நேவிகேஷன் முறையையும் மறு முழங்காலில் வழக்கமான முறையையும் கையாண்டு, சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். ஒரே மனிதரின் இரு கால்களை ஒப்பிடுவதால் வயது, எடை, நடமாட்டம் ஆகியவற்றால் முடிவு மாறாது என்பதால் இந்த ஆய்வுக்கு நான் அதிக மதிப்பளிக்கிறேன். அதில் வலியிலோ செயல்பாட்டிலோ மூட்டு நிலைத்திருப்பதிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 398 மூட்டுகளை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டபோதும், 3 டிகிரிக்குள் அமைந்தவை மற்றவற்றைவிட 15 ஆண்டுகளில் அதிகம் நிலைத்ததாகத் தெரியவில்லை. இயல்பாகவே எல்லோருடைய காலும் நேர்கோட்டில் இருப்பதில்லை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்: பெல்ஜியத்தில் மூட்டு நோயே இல்லாத இளைஞர்களை அளந்தபோது, ஆண்களில் 32 சதவீதத்தினருக்கும் பெண்களில் 17 சதவீதத்தினருக்கும் 3 டிகிரி அல்லது அதற்கு மேல் வில் வளைவு இருந்தது.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேட்டின்படி, 65 வயதுக்குக் குறைந்தவர்களில் ஒன்பது ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது நேவிகேஷனில் 6.3 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 7.8 சதவீதத்தினருக்கும். வேறுபாடு சிறிதாயினும் உண்மையானது. ஆனால் அது மூட்டை இன்னும் பல்லாண்டு உழைக்க வைக்க வேண்டிய வயதினருக்கே பொருந்துகிறது.

ஆகவே தாயாருக்குக் கடன் வாங்கியேனும் நேவிகேஷன் செய்தாக வேண்டும் என்ற நிலை இல்லை. முதலில் நின்ற நிலையில், இடுப்பு முதல் கணுக்கால் வரை காலின் முழு நீள எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். தொடை எலும்பே வளைந்திருந்தால் உள்ளே செலுத்தும் கம்பி தவறான திசையைக் காட்டக்கூடும். அப்படியிருந்தால் கூடுதல் செலவுக்கு நியாயம் உண்டு. எலும்பு நேராக இருந்தால், ஆண்டுதோறும் நிறைய மூட்டு மாற்று அறுவைகள் செய்யும் மருத்துவரையே தேர்ந்தெடுங்கள், அவர் எந்த முறையைக் கையாள்பவராயினும் சரி. மத்திய அரசு 2017-ல் விதித்த உச்சவிலை செயற்கை மூட்டுக்கானது. நேவிகேஷன் கட்டணத்துக்கு அது பொருந்தாது என்பதால், அத்தொகையைத் தனியாக எழுதித் தரக் கேளுங்கள்.

கேள்வி: விபத்தில் முறிந்த என் தொடை எலும்புக்குள் ஸ்டீல் ராடு இருக்கிறது. அதை எடுக்காமல் மூட்டு மாற்ற முடியுமா? நேவிகேஷனில் ஆபத்து உண்டா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: நேவிகேஷன் மிகவும் பயன்படும் இடம் உங்களுடையதுதான். மஜ்ஜைக் குழாய்க்குள் கம்பி செலுத்தத் தேவையில்லாததால், ராடின் கீழ்நுனி புதிய மூட்டுக்கு இடையூறாக இல்லாதவரை அதை அப்படியே விட்டுவிட்டு அறுவை செய்யலாம். இடுப்பு மூட்டு தடையின்றி அசைய வேண்டும். அது இறுகிப் போயிருந்தால் கணினியால் மையத்தைச் சரியாகக் காண இயலாது. அறுவைக்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஊசி ஊன்றிய இடத்தில் அரிதாகச் சீழ் பிடிப்பதும், மிக அரிதாக எலும்பு முறிவதும் உண்டு என்பதால், சில வாரங்களுக்குப் பின் அந்த இடத்தில் திடீர் வலி தோன்றினால் உடனே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.