கிளட்ச் பெடல் தரையோடு போய்விடுகிறது, ரிவர்ஸ் கியர் கரகரவென்று உரசுகிறது. கிளட்ச் பிளேட்டை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி நீங்களே சில சோதனைகளைச் செய்து பாருங்கள். உங்கள் கேள்வியில் ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது: “இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தால் பெடல் மேலே வந்துவிடுகிறது, கியரும் விழுகிறது.” தேய்ந்த பிளேட் எத்தனை தடவை மிதித்தாலும் தேய்ந்த பிளேட்தான். மிதிக்க மிதிக்கச் சரியாகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் கிளட்சை இயக்கும் பிரேக் ஆயில் போகும் வழியில்தான் இருக்கும்.

பிளேட் தேய்ந்தால் தெரியும் அறிகுறியே வேறு. இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. மேட்டில் இழுவை இருக்காது, கருகிய வாடை வரும். அது கிளட்ச் பிடிக்காத கோளாறு. உங்களுடையது விடாத கோளாறு, அதாவது பெடலை மிதித்தும் இன்ஜினும் கியர் பாக்ஸும் முழுவதாகப் பிரிவதில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இன்னும் பல காலம் உழைக்கக்கூடிய பிளேட்டுகள் கழற்றி எறியப்படுகின்றன. உறுதி செய்துகொள்ள, இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுவதாக விடவில்லை. அது ரிவர்ஸில் முதலில் தெரிவதற்கும் காரணம் உண்டு. பல கார்களில் ரிவர்ஸுக்கு, பல்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது. சுழன்றுகொண்டிருக்கும் பல்சக்கரத்தில் பல் நேராகப் போய் மோதுகிறது.

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. அது குழாய் வழியே கியர் பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய் அதன் பிஸ்டனை நகர்த்த, கிளட்ச் விடுகிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். ஓர் உதாரணக் கணக்கு: மாஸ்டரின் உள் விட்டம் 16 மி.மீ., ஸ்லேவுக்கு 19 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரில் 30 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவில் 21 மி.மீ. கிடைக்கும். அந்த 30-இல் 7 மி.மீ. குழாயிலுள்ள காற்றை அமுக்குவதிலேயே கழிந்துவிட்டால், ஸ்லேவில் 5 மி.மீ. குறைந்துவிடும். கிளட்ச் பாதியில் நிற்க இதுவே போதும்.

என் காருக்கு இதே தொல்லை வந்தபோது, முதலில் ஸ்லேவின் ரப்பர் உறையை ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே தேங்கியிருந்த ஆயில் ஒரே சொட்டாகத் திரண்டு விரலில் விழுந்தது. புது ஸ்லேவ் போட்டுக் காற்றையும் எடுத்தேன். ஒரு வாரம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு சிக்னலில் முதல் கியர் போட்டு, பெடலை முழுவதும் மிதித்தபடி காத்திருந்தேன். கால் அப்படியே இருக்க, வண்டி தானாக முன்னால் ஊர்ந்தது. சட்டென்று பிரேக்கை அழுத்தினேன். அன்றுதான் இரண்டாவது கோளாறு புரிந்தது: மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, அழுத்தத்தில் நிற்க வேண்டிய ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் வழிந்துகொண்டிருந்தது. இந்தக் கசிவு சில சமயம் வெளியே தெரியவே தெரியாது, தரையில் சொட்டுக்கூட இருக்காது. என் காரில் ஒரு தடயம் இருந்தது. டார்ச்சோடு பெடலுக்கு அடியில் தலையை நுழைத்து, பெடலிலிருந்து வரும் தள்ளுதண்டு மாஸ்டருக்குள் நுழையும் இடத்தைத் தடவினேன். விரலில் கரும்பழுப்பாய்ப் பிசுபிசுத்தது. மிதியடியைத் தூக்கி முகர்ந்தபோது அதே ஆயில் வாடை. முதல் நாளே அங்கே கை வைத்திருந்தால் ஒரே வேலையோடு முடிந்திருக்கும்.

ஆகவே மாஸ்டர், ஸ்லேவ் என்று இரு முனைகளையும் பாருங்கள். பிறகு ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு, இன்ஜின் அணைந்த நிலையில் ஸ்லேவின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலால் அளந்து, காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் விட எனக்கு நம்பிக்கையான சோதனை இதுதான். அளவு குறைந்தால் ஆயில் பக்கம் கோளாறு. முழு அளவு நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் என்று உள்ளே சந்தேகப்பட வேண்டும். மிதிக்கும்போது ரப்பர் குழாய் எங்காவது புடைக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

ஆயில் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிளேட் தேயத் தேய ஸ்லேவின் பிஸ்டன் உள்ளே தள்ளப்படுவதால், மாஸ்டருக்கு ஆயில் கொடுக்கும் டப்பாவில் ஆயில் சற்று ஏறத்தான் செய்யும். கிளட்சுக்கென்று தனி டப்பா இருந்து அதில் ஆயில் குறைந்தால் அது கசிவுதான். மேலே ஊற்றி ஊற்றி ஓட்டாதீர்கள். பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவைப் பகிர்ந்தால் பிரேக் பேட் தேய்வதாலும் அளவு இறங்கும்.

சில கார்களில் ஸ்லேவ் வெளியே இருக்காது. கியர் பாக்ஸ் தண்டைச் சுற்றி வளையமாக உள்ளேயே இருக்கும். அது கசிந்தால் கியர் பாக்ஸை இறக்காமல் வழியில்லை. அப்படி இறக்கும்போது பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த வேலையை இரண்டு முறை செய்வது வீண்.

காற்றை எடுப்பது இருவர் வேலை. ஸ்லேவில் காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகான நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வையுங்கள். உதவிக்கு வந்தவர் பெடலை மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்கலாம். பெடல் தானாக எழவில்லை என்றால் கையால் தூக்கச் சொல்லுங்கள். டப்பா காலியாக விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எவ்வளவு எடுத்தும் பெடல் மெத்தென்றே இருந்தால், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் நிப்பிள் வழியே கீழிருந்து மேலாக ஆயிலை மெதுவாகச் செலுத்திப் பாருங்கள். காற்றுக் குமிழ் மேலே போகத்தான் விரும்பும், அதன் போக்கிலேயே அனுப்புவது சுலபம். டப்பா நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லேவ் கழன்றிருக்கும்போது மட்டும் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்.

டப்பா மூடியில் பிரேக் ஆயிலின் வகை, பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 என்று, எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது. இன்ஜின் ஆயில் ஒரு துளி பட்டாலும் ரப்பர் கப்புகள் ஊதிக் கெட்டுவிடும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இந்த ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும்.

எல்லாம் முடிந்ததும், ஆளில்லாத சமதளத்தில் முதல் கியர் போட்டு, பெடலை முழுவதும் மிதித்தபடி ஒரு நிமிடம் பிடியுங்கள். வலது கால் பிரேக்குக்கு மேலே தயாராக இருக்கட்டும். வண்டி அசையாமல் நின்றால் மாஸ்டரும் நன்றாக இருக்கிறது. ஊர்ந்தால், நான் ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்ததை நீங்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டீர்கள், மாஸ்டரையும் மாற்றிவிடுங்கள்.