ஹோம்ஸுக்குப் பிறகு துப்பறியும் கதை: கேள்வி பதில்

கேள்வி: முதல் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ்தானே சார்?

இல்லை. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841லேயே டுபான் என்ற துப்பறிவாளரைப் படைத்துவிட்டார். பாரிஸில் ஒரு மேதை, அவர் பெருமையைச் சொல்ல ஒரு நண்பர். பிரெஞ்சுக்காரர் கபோரியோவின் லெகாக்கும் மூத்தவர்தான். கோனன் டாயில் படைத்த ஹோம்ஸ், 1887இல் வந்த முதல் நாவலிலேயே இருவரையும் மட்டம் தட்டுகிறார். கடன் வாங்கியவரே கடன் கொடுத்தவரைத் திட்டுகிற மாதிரி!

கேள்வி: அப்போ கோனன் டாயில் புதிதாக என்னதான் செய்தார்?

முதலில் பத்திரிகைக் கணக்கு. தொடர்கதையில் ஓர் இதழைத் தவறவிட்டால் வாசகர் கழன்றுகொள்வார். அதனால் நாயகன் ஒருவரே, கதை மட்டும் அந்தந்த இதழிலேயே முடியட்டும் என்று டாயில் திட்டமிட்டார். ஸ்ட்ராண்ட் இதழில் 1891 ஜூலையில் தொடங்கி 56 சிறுகதைகள் வந்தன. இன்றைக்கு எபிசோடுக்கு ஒரு கேஸ் என்று ஓடும் டிவி தொடர்களும் இதே வழிதான்.

ஆனால் பெரிய சாதனை என்று நான் சொல்வது, ஹோம்ஸின் நண்பராக வந்து கதையைச் சொல்லும் வாட்சனை. போவின் கதைசொல்லிக்குப் பெயர்கூடக் கிடையாது. வாட்சன் ஆப்கன் போரில் காயம்பட்ட டாக்டர். கல்யாணம் செய்துகொள்கிறார், கோபப்படுகிறார். ஹோம்ஸ் பார்ப்பதையெல்லாம் அவரும் பார்க்கிறார், ஆனால் ஒன்றும் பிடிபடாது. நாமும் அவர் பக்கத்திலேயே முழித்துக்கொண்டு நிற்கிறோம். அவரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 1926இல் வந்த இரண்டு கதைகளை ஹோம்ஸே சொல்கிறார். இரண்டுமே சுமார்தான்.

கேள்வி: அகதா கிறிஸ்டிக்கும் டாயிலின் பாதிப்பு உண்டா?

நிறையவே. 1920இல் அவருடைய துப்பறிவாளர் பொய்ரோ வரும்போதே வாட்சன் இடத்துக்கு ஹேஸ்டிங்ஸ் தயார். பிறகு அவரை அர்ஜென்டினாவுக்கு அனுப்பிவிட்டு, கதைசொல்லியை வாசகர் நம்பும் பழக்கத்தையே பொறியாக வைத்து 1926இல் ஒரு நாவல் எழுதினார். பெயரைச் சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

கேள்வி: ஹோம்ஸ் கதையில் குற்றவாளியை நம்மால் கண்டுபிடிக்கவே முடிவதில்லையே, இது நியாயமா?

நியாயமில்லைதான். பூதக்கண்ணாடியில் எதையோ பார்ப்பார், என்னவென்று கடைசியில்தான் சொல்வார். பின்னால் வந்தவர்கள் இதைத்தான் திருத்தினார்கள். 1929இல் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் போட்ட பத்து விதிகளில், துப்பறிவாளர் தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பதும் ஒன்று. வாட்சன்களுக்கும் தனி விதி உண்டு: சராசரி வாசகரைவிட அறிவு துளி குறைவாக இருக்க வேண்டுமாம்!

கேள்வி: நம்ம ஊர்ப் பக்கம் யாராவது?

வங்காளத்தில் நேர் வாரிசுகள். 1932இல் வந்த துப்பறிவாளர் பியோம்கேஷுக்கு வாட்சன், கதை சொல்லும் எழுத்தாள நண்பர் அஜித். சத்யஜித் ராயின் துப்பறிவாளர் ஃபெலூடாவுக்குச் சித்தப்பா மகன் தோப்ஷே; ஃபெலூடா ஹோம்ஸைக் குருவாகவே நினைப்பவர். தமிழில் சுஜாதாவின் கணேஷ், வசந்த் ஜோடியைப் பலர் இந்த வரிசையில் வைப்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. வசந்த் கதை சொல்வதில்லை, வியந்து வாய்பிளப்பதும் இல்லை. கணேஷையே கிண்டலடிக்கிற ஆள் வாட்சன் ஆக முடியுமா?

கேள்வி: இதுவரை படித்ததில்லை. எதில் தொடங்கலாம் அண்ணா?

1887 நாவலில் வேண்டாம். பாதியில் லண்டனை விட்டு அமெரிக்காவின் யூட்டாவுக்குப் போய் நெடுநேரம் திரும்பாது. பந்தயக் குதிரை காணாமல் போகும் ‘சில்வர் பிளேஸ்’ (1892) எடுங்கள். இரவில் நாய் குரைக்கவில்லை என்ற தடயத்தை, அபூர்வமாக, டாயில் நம் கண்முன்னே வைத்துவிடுகிறார்.