மாத்திரையே தொடாதவருக்கு மருந்து எப்படிக் கேட்காமல் போகும்?

எச்.ஐ.வி. மருந்து எதிர்ப்பு, அதாவது வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போவது பற்றி வந்த கேள்விகளுக்கு, ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் வேலை பார்க்கும் மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: போன மாதம்தான் எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. ஒரு மாத்திரைகூடச் சாப்பிட்டதில்லை. ஆனால் வைரஸின் மரபணு மாற்றங்களைப் பார்க்கும் ஜீனோடைப் ரிப்போர்ட்டில் ‘கே103என்’ என்று இருக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

எதுவுமே செய்யவில்லை தம்பி. அந்த மாற்றம் வைரஸோடு சேர்ந்தே உங்களுக்குள் வந்திருக்கிறது. எங்கோ ஒருவர் மருந்து எடுத்து, இடையில் விட்டிருப்பார். அவர் உடம்பில் மருந்துக்குத் தப்பிய வைரஸ் நேராகவோ பலரைக் கடந்தோ உங்களிடம் வந்திருக்கும். யாரிடமிருந்து என்று தேடி மனசைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

அந்த எழுத்துகளுக்கு அர்த்தம் இதுதான்: வைரஸ் தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியில் 103-ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், ‘கே’ அதன் குறி. உங்களுக்கு அங்கே அஸ்பராஜின், அதாவது ‘என்’, உட்கார்ந்திருக்கிறது. இந்த ஒரு மாற்றமே போதும், எஃபாவிரென்ஸ், நெவிராபின் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் கேட்காது.

கேள்வி: அப்படியானால் எந்த மருந்துதான் கேட்கும்?

இப்போது அரசு மையங்களில் இலவசமாகத் தரும் முதல் மாத்திரையே கேட்கும். அதில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் இருக்கின்றன. டோலுடெக்ராவிர் பிடிப்பது இன்டெக்ரேஸ் என்ற வேறொரு நொதியை. 103-இல் என்ன மாறினாலும் அதற்குக் கவலையில்லை.

இந்த மாத்திரை முதலிடத்துக்கு வந்ததற்கு உங்களைப் போன்றவர்களும் ஒரு காரணம். சிகிச்சை தொடங்குபவர்களில் 10 சதவீதம் பேருக்கு எஃபாவிரென்ஸ் வகை மருந்து கேட்காத நிலை வந்தால், அந்த நாடு முதல் மருந்தை மாற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சொன்னது. 2019-இல் டோலுடெக்ராவிரையே முதல் தேர்வாக்கியது.

கேள்வி: மருந்தே இல்லாத உடம்பில் வைரஸ் தானாக மாறாதா?

மாறும். ஒரு நாளில் ஆயிரம் கோடி அளவுக்குப் புது வைரஸ்கள் உருவாகின்றன. படியெடுக்கும் நொதிக்குத் தன் பிழையைத் திருத்தத் தெரியாது. ஆனால் மருந்து இல்லாத இடத்தில் அந்தப் பிழைகளால் வைரஸுக்கு லாபமில்லை. மாறிய வைரஸ் கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கும். மருந்து அரைகுறையாக இருக்கும்போதுதான் மற்றவை அடங்கி, அது மட்டும் பெருகும்.

கேள்வி: 2009-இல் பிரசவ வலி வந்தபோது ஒரே ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எதுவும் எடுக்கவில்லை. இப்போது ஏ.ஆர்.டி. தொடங்கப் போகிறேன். இதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள் அக்கா. அந்தக் காலத்தில் குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க அப்படிக் கொடுத்தது பெரும்பாலும் நெவிராபின். அப்போது அது நல்ல காரியம்தான். ஆனால் ஒரே வேளை மாத்திரை இரத்தத்தில் நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில்கூட, துணை மருந்து இல்லாமல் தனியாக நிற்கும். கே103என் முளைக்க அது போதும். ‘இதுவரை சிகிச்சை எடுக்கவில்லை’ என்று அட்டையில் எழுதும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவது எங்கள் பக்கத்துத் தவறு.

கேள்வி: ‘எதிர்ப்பு இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் வழக்கமான பரிசோதனைக்கு, மொத்த வைரஸில் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மாற்றம் கண்ணில் படாது. லாமிவுடினைத் தடுக்கும் எம்184வி என்ற இன்னொரு மாற்றம் வைரஸைப் பலவீனமாக்கும். அதனால் மருந்து இல்லாதபோது சீக்கிரமே பின்னுக்குப் போய், பரிசோதனைக்குத் தப்பிவிடலாம். கே103என் அப்படியில்லை, வருடக்கணக்கில் நிற்கும்.

கேள்வி: ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். டாக்டர் தொடங்கச் சொன்னால் அன்றே தொடங்குங்கள். ஆறாவது மாதம் வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். சேர்த்துப் போடலாமா?

சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்துப் போடலாம். வெறும் வயிற்றில் என்றால், இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ டோலுடெக்ராவிர் போடுங்கள். கால்சியத்துக்கும் இதே கணக்கு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெக்ராவிர் ஒரு நாளைக்கு இரண்டு வேளை தேவைப்படும். அதனால் அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.