கருமாற்றத்துக்குப் பிறகு மீனும் பப்பாளியும்

சகோதரி, கருமாற்றம் (ஆய்வகத்தில் உருவான கருவைக் கருப்பையில் வைப்பது) முடிந்து கர்ப்பப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் உங்களை, மீனும் பப்பாளியும் தொடக் கூடாது, கட்டிலை விட்டு இறங்கவும் கூடாது என்று பாளையங்கோட்டையில் மாமியார் கண்டிப்பதாகவும், கணவர் வாய் திறப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

படுத்தே கிடப்பதால் கரு ஒட்டும் வாய்ப்பு கூடுவதில்லை. வழக்கமான நடமாட்டம் போதும். பப்பாளியில் காயையும் செங்காயையும் அவற்றின் பாலுக்காகத் தவிர்க்க வேண்டுமே தவிர, நன்கு பழுத்ததற்கு அஞ்ச வேண்டியதில்லை. தூத்துக்குடியிலிருந்து வரும் சாளையும் நெத்திலியும் பாதரசம் குறைந்தவை என்பதால், நன்றாக வேகவைத்து வாரம் இரண்டு முறை உண்ணலாம். ஆனால், பிற மீன்களைத் தின்று வளரும் சுறாவின் உடலில் பாதரசம் சேர்ந்துவிடுவதால், சுறாப் புட்டு (நம் பக்கத்தில் அதை மருந்துபோல மதிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும்) வேண்டவே வேண்டாம். காய்ச்சாத பாலும் அரைவேக்காட்டு முட்டையும் அப்படியே. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தவறக் கூடாது. இலேசான இரத்தக் கசிவைக் கண்டு, கரு தங்குவதற்குத் துணைசெய்யும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்திவிடவும் கூடாது.

மாமியாரிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லர், உங்கள் கணவர். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது அத்தையையும் உடன் அழைத்துச் சென்று, அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் இந்தக் கேள்விகளைக் கணவரையே கேட்கச் சொல்லுங்கள்.